அதுக்கும் தெரியுமோ?

பெண்களுடைய குழுக் கூட்டங்களில் இழப்புகளைப் பற்றிப் பேச்சு வரும்போது முதலில் மனிதர்களின் பெயர்கள் வரும். பிறகு வீடு, நகை, தோட்டம், பிள்ளைகளின் படிப்பு. எல்லாம் சொல்லி முடிந்தபின், பெரும்பாலும் தேநீர் குடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் சற்று வெட்கத்துடன் ஒரு நாயைப் பற்றியோ பசுமாட்டைப் பற்றியோ சொல்லத் தொடங்குவார். உடனே மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய் - கைதடி வீதியையும் நோக்கி நடந்தபோது, கட்டை அவிழ்த்துவிட்ட மாடு, பின்னால் ஓடிவந்து சனநெரிசலில் தொலைந்த நாய், கூட்டைத் திறந்து பறக்கவிட்ட கிளி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. 2009 இல் வன்னியில் ஊர் ஊராக இடம்மாறிப் போனவர்களிடமும் இதே கதைகள் வேறு ஊர்ப்பெயர்களுடன் இருக்கின்றன.

2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியை விட்டு வெளியேறிய ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார்: "அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ பிள்ளை, நாங்கள் வேணுமெண்டு விட்டிட்டுப் போகயில்லை எண்டு?" பக்கத்தில் இருந்தவர் என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார்: "விசர்க்கதை கதையாதையுங்கோ அக்கா. ஐயறிவு மிருகத்துக்கு என்ன தெரியும்?"

இந்த ஐயறிவுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்கள் ஒன்று முதல் ஆறுவரை அறிவால் வகுக்கப்பட்டுள்ளன. புல்லும் மரமும் தொடுகையை மட்டும் அறிவதால் ஓரறிவு. நத்தை, சிப்பி போன்றவற்றுக்குச் சுவையும் சேர்ந்து ஈரறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மணம் சேர்ந்து மூவறிவு. நண்டுக்கும் வண்டுக்கும் பார்வை சேர்ந்து நாலறிவு. விலங்குகளுக்குக் கேள்வியும் சேர்ந்து ஐயறிவு. மனிதருக்கு மனம் என்ற ஆறாவது அறிவு. எறும்புக்குக் கண் உண்டு, நண்டுக்கும் மூக்கு வேலை செய்யும் என்று இன்றைய விலங்கியல் திருத்தம் சொல்லும். ஆனால் எங்களில் பலர் கவனிக்காத ஒரு விடயம் அந்நூலிலேயே இருக்கிறது. ஆறறிவு மனிதருக்கு மட்டும் உரியது என்று கதவைச் சாத்தாமல், விலங்குகளிலும் சில அந்த வகையில் சேரும் என்று அது இடம் விட்டுவைக்கிறது. பழைய உரைகாரர்கள் கிளி, குரங்கு, யானை என்று உதாரணமும் காட்டியிருக்கிறார்கள். "ஐயறிவு மிருகம்" என்று நாங்கள் பேச்சில் எறிந்துவிடும் சொல், அதை வகுத்த நூலை விடக் கடுமையானது.

சைவ சித்தாந்தம் இன்னொரு பக்கத்தால் இதே இடத்துக்கு வருகிறது. அங்கே உயிருக்குப் பெயரே பசு. கட்டப்பட்டது என்ற பொருளில் மனித உயிரும் பசுதான், தொழுவத்தில் நிற்பதும் பசுதான். புல்லில் இருந்து தேவர் வரை பிறவி எடுப்பது ஒரே தன்மையான உயிர். உடம்பும் அதற்குக் கிடைக்கும் அறிவின் அளவும்தான் மாறுகின்றன.

"அறிவு" என்ற சொல்லையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். படித்தவரை அறிவுள்ளவர் என்கிறோம். தொடுகையும் அறிவு, சுவையும் அறிவு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று "அறிவு வந்திட்டுதோ?" என்று கேட்கும்போது அது வேறு பொருள். கண் திறந்தாரா, எங்களைத் தெரிகிறதா என்பதே அந்தக் கேள்வி. புத்தகங்களில் பிரக்ஞை, தன்னுணர்வு என்று எழுதப்படுவதை எங்கள் சனம் காலகாலமாக இந்தச் சொல்லால்தான் கேட்டு வருகிறது.

இதில் இரண்டு படிகள் உள்ளன. முள் குத்தினால் ஆட்டுக்கு நோகிறது. இது உணர்தல். "எனக்கு நோகிறது" என்று தன்னையும் நோவையும் வேறுபடுத்தி அறிவது அடுத்த படி. இதைத்தான் தன்னுணர்வு என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தத்துவஞானி டேக்கார்ட் விலங்குகளை ஒருவகை இயந்திரங்களாகவே கண்டார். 1871 இல் சார்ள்ஸ் டார்வின், மனிதருடைய மனதுக்கும் உயர்ந்த விலங்குகளின் மனதுக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தானே ஒழிய வகையில் அல்ல என்று எழுதினார். டேக்கார்ட் வீட்டில் ஒரு கறவைப்பசு இருந்திருந்தால் அவர் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்பது என் எண்ணம்.

தன்னுணர்வை அளக்க முடியுமா? 1970 இல் கோர்டன் கலப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வழி கண்டார். சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சில நாட்கள் கண்ணாடியைப் பழக்கினார். பிறகு மயக்கமருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் சிவப்பு மை பூசினார். மயக்கம் தெளிந்து கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் கண்ணாடியில் கைவைக்காமல், தங்கள் முகத்தில் இருந்த மையைத் தொட்டுப் பார்த்தன. கண்ணாடியில் தெரிவது தானே என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் 2006 இல் நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் ஓர் ஆசிய யானை, கண்ணுக்கு மேல் பூசிய வெள்ளை அடையாளத்தைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. எங்கள் வன்னிக் காட்டில் திரிவதும் அதே இனம்தான். உரைகாரர்கள் யானையைச் சொன்னது சும்மா இல்லை. 2008 இல் மக்பை என்ற, காகத்துக்கு உறவான பறவையும், 2019 இல் பவளப்பாறைகளில் வாழும் ஒரு சிறிய மீனும் இந்தச் சோதனையில் தேறின.

நாய் தேறவில்லை. கண்ணாடியில் தெரியும் நாயைப் பார்த்துக் குரைக்கும், பிறகு அலுத்து விட்டுவிடும். அப்படியானால் நாய்க்குத் "தான்" என்பது இல்லையா? சமூகவியல் படித்த எனக்கு இந்த இடத்தில் இன்னொரு ஆய்வு நினைவுக்கு வரும். 2011 இல் வெளியான அந்த ஆய்வில் பல நாடுகளின் சிறுபிள்ளைகளுக்கு இதே கண்ணாடிச் சோதனை செய்யப்பட்டது. கென்யாவில் 82 பிள்ளைகளில் இருவர் மட்டுமே முகத்தில் இருந்த அடையாளத்தைத் தொட்டார்கள். மற்றப் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்து அப்படியே உறைந்து நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தன்னுணர்வு இல்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை. சோதனை யாருக்குப் பழக்கமான முறையில் அமைந்தது என்றுதான் கேட்டார்கள். நாய்க்கும் அந்த நியாயம் உண்டு. நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. 2017 இல் நியூயோர்க்கில் 36 நாய்களிடம் அலெக்சாண்டிரா ஹொரோவிற்ஸ் என்ற பெண் ஆய்வாளர், அவற்றின் சிறுநீரின் மணத்தையே கண்ணாடியாக வைத்துப் பார்த்தார். தன் சொந்த மணத்தில் வேறு ஏதோ கலக்கப்பட்டிருந்தபோது நாய்கள் அதை நின்று நிதானமாக, கூடிய நேரம் மோந்தன. முகத்தில் மை இருந்தால் நாங்கள் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லையா, அதுபோல.

அந்த அம்மாவின் கேள்விக்கு இது இன்னும் விடையல்ல. அவர் கேட்டது "வேணுமெண்டு" என்ற சொல்லைப் பற்றியது. ஆச்சரியம் என்னவென்றால் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2021 இல் ஜேர்மனியில் 51 நாய்களுடன் நடந்த ஆய்வு அது. ஒரு கண்ணாடித் தடுப்பின் இடைவெளியால் நாய்க்குத் தீனி கொடுக்கப்படும். சில தடவை கொடுப்பவர் வேண்டுமென்றே கையைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். சில தடவை கொடுக்க முயன்று தீனி கைதவறி விழுந்துவிடும். சில தடவை இடைவெளி அடைபட்டிருப்பதால் கொடுக்க முடியாமல் போகும். மூன்றிலும் நாய்க்குக் கிடைத்தது ஒன்றுமில்லைதான். ஆனாலும் கைதவறியபோதும் வழி அடைபட்டபோதும் நாய்கள் விரைவாகத் தடுப்பைச் சுற்றிக் கிட்ட வந்தன. வேண்டுமென்றே மறித்தபோது தயங்கிப் பின்னுக்கு நின்றன, சில இருந்துவிட்டன, சில படுத்துவிட்டன. தர மறுப்பவரையும் தர இயலாதவரையும் நாய் ஏதோ ஒரு வகையில் பிரித்தறிகிறது என்பதே ஆய்வாளர்கள் கண்டது.

ஒரு துண்டுத் தீனியில் கண்டதை ஒரு இடப்பெயர்வுக்கு அப்படியே நீட்டிவிட முடியாது. அந்த இரவில் அந்த நாய் என்ன அறிந்தது என்பதை எந்த ஆய்வாலும் சொல்ல இயலாது. ஆனால் "ஐயறிவுக்கு என்ன தெரியும்" என்று வாயடைத்துவிடுவதற்கும் இனி இடமில்லை. அந்த அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நான் அழுதுகொண்டு கட்டை அவிட்டது அதுக்கு விளங்கியிருக்கும், என்ன?" விளங்கியிருக்கலாம் அம்மா என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரமில்லை, குறைத்துச் சொல்ல மனமும் வரவில்லை.

கலப் செய்த இன்னொரு பரிசோதனையைப் பலர் அறியார். குட்டியிலிருந்தே தனியாக, வேறு சிம்பன்சியைக் காணாமல் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்கு அவர் கண்ணாடியைக் கொடுத்தார். அவை தங்களை அடையாளம் காணவில்லை. மற்றவரைக் காணாதவருக்குத் தன்னையும் காண முடியவில்லை என்பது இதன் பொருள். எங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் கூலி என்ற சமூகவியலாளரைப் படிப்பித்தார்கள். மனிதர் தங்களைப் பற்றிய எண்ணத்தை மற்றவர்களுடைய கண்களில் பார்த்துப் பார்த்தே உருவாக்குகிறார்கள் என்று 1902 இல் எழுதியவர். அதற்கு அவர் வைத்த பெயரே "கண்ணாடியில் தெரியும் சுயம்" என்பது. பரீட்சைக்காகப் படித்த இந்த வரியின் பாரம் கணவனை இழந்த பெண்களோடு பழகும்போதுதான் எனக்கு விளங்கியது. கலியாண வீட்டில் முன்னுக்கு வராதே என்று சொல்லும் கண்கள், எதிரே வந்தால் வழி மாறிப் போகும் கண்கள். இருபத்தாறு வயதில் கணவனை இழந்த ஒரு சகோதரி, தன் அறைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். "பார்க்க ஆரோ போல கிடக்கு மிஸ்" என்றார். அவரைத் தையல் குழுவுக்குக் கூட்டிவந்ததன் நோக்கம் தையல் மட்டுமல்ல.

நண்டு விடயம் கொஞ்சம் சங்கடமானது. எங்கள் தீவுப்பகுதியிலும் கரையோரங்களிலும் நண்டு அவித்துச் சதை எடுக்கும் வேலையில் பல பெண்கள் நாட்கூலிக்கு இருக்கிறார்கள். நண்டுக்கு நோகுமா என்பது அவர்களிடம் சும்மா கேட்கக்கூடிய கேள்வியல்ல. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் றொபேட் எல்வூட் என்ற பேராசிரியர் நண்டினங்களைப் பல காலம் ஆராய்ந்தார். சங்குக்குள் வாழும் முனிவன் நண்டுக்குச் சிறு மின் அதிர்ச்சி கொடுத்தபோது, மோசமான சங்கில் இருந்தது விரைவில் வெளியேறியது, நல்ல சங்கில் இருந்தது பொறுத்துக்கொண்டு இருந்தது. வெறும் உதறலாக இருந்தால் இப்படி வீட்டின் தரம் பார்த்து முடிவெடுக்காது. 2021 இல் லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வுக்குழு முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, நண்டு, இறால் இனங்களும் கணவாய் இனங்களும் உணர்வுள்ளவை என்று கொள்ளப் போதிய சான்று உண்டு என்றது. 2022 இல் பிரித்தானியா அவற்றைத் தன் விலங்குநலச் சட்டத்துக்குள் சேர்த்தது. 2012 யூலை 7 இல் கேம்பிரிட்ஜில் கூடிய மூளை விஞ்ஞானிகள் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் எண்காலிக் கணவாய்க்கும் பிரக்ஞைக்குரிய மூளைக் கட்டமைப்பு உண்டு என்று பிரகடனம் செய்தார்கள். 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் வந்த பிரகடனம் மீன், தவளை, நண்டு, பூச்சிகள் வரை அந்தச் சாத்தியத்தை விரித்தது. சட்டம் செய்பவர்களும் முதலாளிகளும் யோசிக்க வேண்டிய பாரத்தைக் கூலிக்காரப் பெண்ணின் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் கறி வைக்கும் நாங்கள், உயிரோடு கொதிநீரில் போடுவதை விட்டுவிடலாம். அவ்வளவு எங்கள் கையில் இருக்கிறது.

இனி எங்களுக்கு மிக நெருங்கிய உயிர்களிடம் வருவோம். மிதிவெடியில் கால் இழந்த பெண்கள் சிலர், இல்லாத காலின் பெருவிரல் கடிப்பதாக, நரம்பு இழுப்பதாகச் சொல்வார்கள். வீட்டில் சொன்னால் "மனப்பிரமை" என்பார்கள். அது பிரமையல்ல. உடம்பின் படம் ஒன்று மூளைக்குள் இருக்கிறது. கால் போனாலும் அந்தப் படத்தில் கால் போவதில்லை. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியையே மருந்தாக்கினார். இருக்கும் அவயவத்தின் பிம்பம் இல்லாத அவயவத்தின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, அதைப் பார்த்தபடி அசைக்கச் சொன்னார். பலருக்கு இறுகிப்போன மாயக்கை தளர்ந்தது. 2007 இல் வெளியான, கால் இழந்த அமெரிக்கப் படையினரிடம் நடந்த சிறிய ஆய்விலும் கண்ணாடி முறையைச் செய்தவர்களுக்கு நோ குறைந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் அலுமாரிக் கண்ணாடி அளவு நீளக் கண்ணாடி ஒன்று போதும். செயற்கைக் கால் பார்க்கப் போகும் நாளில் இயன்மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், தானாகத் தொடங்க வேண்டாம்.

வடமராட்சி கிழக்கில் ஒரு தாய் தன் மகனைப் பராமரித்து வருகிறார். 2009 இல் தலையில் எறிகணைத் துண்டு பட்டபோது மகனுக்குப் பதினேழு வயது. கண் சில வேளை திறக்கும், பேச்சில்லை, சொல்வதற்கு அசைவில்லை. தாய் விடிய எழும்பியதும் அவனுக்கு அன்றைய நாளையும் திகதியையும் சொல்லுவார். பிறகு ஆடு குட்டி போட்டது, அரிசி விலை ஏறினது எல்லாம் சொல்லுவார். அயலவர்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். "அறிவில்லாத பிள்ளையோட கதைச்சுக் கதைச்சு அவவுக்கும் சுகமில்லாமப் போச்சு" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

2006 இல் இங்கிலாந்தில் அட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானி, வீதி விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை மூளை ஸ்கான் இயந்திரத்துக்குள் வைத்து, ரெனிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி சுகமானவர்களுக்கு வேலை செய்வதுபோலவே வேலை செய்தது. வீட்டு அறைகளில் நடப்பதாக நினையுங்கள் என்றபோது வேறு பகுதி எழுந்தது. அவருக்கு அறிவு இருந்தது. உடம்பு அதை வெளியே கொண்டுவரவில்லை. 2024 இல் பல நாடுகளின் வைத்தியசாலைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 நோயாளர்களில் 60 பேரின் மூளை அந்தக் கட்டளையைக் கேட்டு நடந்திருந்தது. நாலில் ஒருவர்.

நாலில் மூவர் அப்படிக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தாய்க்குச் சொன்னேன். இந்தப் பரிசோதனை ஆய்வுக்கூடங்களில் நடப்பது, கிளினிக்கில் வழமையாகச் செய்வதல்ல என்பதையும் சொன்னேன். ஆனால் ஸ்கான் இல்லாமலும் பார்க்கக்கூடியவை உண்டு. முழுதாக அறிவற்ற நிலைக்கும், இடைக்கிடை மட்டும் அறிவு எட்டிப்பார்க்கும் நிலைக்கும் வைத்தியர்கள் வித்தியாசம் வகுத்திருக்கிறார்கள். 2002 இல்தான் இரண்டாவது நிலைக்குத் தனியான வரையறை வந்தது. கண் ஒரு முகத்தைத் தொடருகிறதா, ஒரு குரலுக்கு மட்டும் மூச்சு மாறுகிறதா என்பவை முக்கியமானவை. பத்து நிமிடம் பார்க்கும் வைத்தியருக்கு இவை தெரியாமல் போகலாம். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். எழுதி வைத்தால்தான் பயன்.

ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். தாய் ஏழாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டி எழுதினார். தங்கச்சி போனில் கதைத்தபோது கண் திறந்தது, பின்னேரம் ஆறு இருபது. கூரையில் மழை விழ விரல் அசைந்தது போல. மீன்காரனின் ஹோர்ன் சத்தத்துக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது வைத்தியர் பக்கம் பக்கமாக வாசித்தார். ஒன்றும் நடக்காத நாட்களையும் விடாமல் எழுதுங்கோ அம்மா என்றார். "இண்டைக்கு ஒண்டுமில்லை" என்று தொடர்ந்து நாலைந்து நாள் வரும், பிறகு தங்கச்சியின் குரலுக்கு ஒன்று வரும். இப்போது இரண்டாவது கொப்பி நடக்கிறது.